மீன் சொல்லட்டும்

எங்கள் குடிநீர் நிலையத்தில் ஒரு வேலை உண்டு. நாற்காலியில் உட்கார்ந்து மீன் பார்க்கிற வேலை. சம்பளம், விடுப்பு, ஓய்வூதியம் எல்லாம் சேர்த்துத்தான். கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும், "அங்க இன்னொரு ஆளு எடுப்பாங்களா?" என்று மெதுவாகக் கேட்பார்கள். இப்போது கேட்டால், பக்கமே வராதே என்பேன்.

அந்த வேலையைப் பார்ப்பவள் என் மனைவியின் அக்கா. பாதி ஆயுளைக் கண்ணாடித் தொட்டியின் முன்னால் கழித்ததால் நிலையத்தில் எல்லாருக்கும் அவள் கண்ணாடி அக்கா. கீழே பம்ப் ஓட்டுகிறவன் நான். எனக்குப் பெண் கொடுத்தவள் அவள்தான். அவர்கள் வீட்டிலேயே குடியிருக்கிறேன் என்பதால் வீட்டோடு மாப்பிள்ளை என்று ஃபிட்டர் முதல் வாட்ச்மேன் வரை என்னை ஓட்டாத ஆள் கிடையாது. ஓட்டட்டும். சமைத்துப் போட்டது அவர்களா?

வேலை இதுதான். பம்ப் உறிஞ்சுகிற அதே ஆற்றுத் தண்ணீர், இரவும் பகலும் ஓடுகிற ஒரு சின்ன மோட்டாரால் தனிக் குழாயில் ஏறி, மேல் அறையில் இருக்கும் தொட்டிக்குள் விழும். ஆற்றில் ஏதாவது விஷம் கலந்துவிட்டால், பாட்டிலில் பிடித்து, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, முடிவு வருவதற்குள் ஊரே குடித்து முடித்திருக்கும். மீனுக்கு அவ்வளவு நேரம் வேண்டாம். மீன் வெளுத்தால் அக்கா மணி அடிப்பாள். நான் பம்பை நிறுத்துவேன். அவ்வளவுதான் ஏற்பாடு. எந்தக் காலத்து அதிகாரி யோசித்ததோ, நல்ல மூளைக்காரன்.

அதற்கு எல்லா மீனும் ஆகாது. தீக்குச்சி மீன் என்று ஒன்று. சுண்டு விரல் நீளம்கூட இருக்காது. மெலிந்த உடம்பு, பச்சையும் நீலமும் கலந்த மினுக்கு, நடுவில் கறுப்புக் கோடு, வால் மஞ்சள். தலை மட்டும் செக்கச் சிவப்பு, புதுத் தீக்குச்சியின் மருந்து மாதிரி. தண்ணீர் கொஞ்சம் கெட்டாலும் முதலில் அந்தச் சிவப்பு போய்விடும். பிறகு பச்சை போகும், நீலம் போகும். சாம்பல் நிறத்தில் மூலையில் ஒதுங்கி நிற்கும். அதை 'அணைஞ்சிருச்சு' என்றுதான் அக்கா சொல்வாள்.

அவை ஆற்று மீன்கள் இல்லை. எங்கள் நிலையத்துக்கு மேலே, மலைச்சரிவிலிருந்து ஒரு ஓடை வந்து ஆற்றில் சேர்கிறது. அந்த ஓடையைத் தவிர வேறெங்கும் அவற்றை யாரும் பார்த்ததில்லை. இரண்டு பக்கமும் மரங்கள் மூடியிருக்கும். உதிர்ந்த இலைகள் ஊறி ஊறித் தண்ணீர் கட்டன் டீ நிறத்தில் இருக்கும். வெயில் காலத்திலும் கால் வைத்தால் சில்லென்று ஏறும். கரையை அரித்துக்கொண்டு ஓடுகிற இடங்களில் மரவேர்கள் தண்ணீருக்குள் தொங்கும். அந்த வேர்களின் மெல்லிய நார்களுக்குள்தான் தீக்குச்சி மீன் முட்டையிடும். கொசுப்புழுவையும் இலையிலிருந்து தவறி விழுகிற எறும்பையும் தின்னும். மேலிருந்து ஒரு துண்டு வெயில் விழும் இடத்தில் ஆண் மீன்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். சண்டை கிடையாது, அடிதடி கிடையாது. யார் தலை அதிகச் சிவப்பு என்கிற போட்டி மட்டும்தான். நம் ஆட்கள் மீசையை முறுக்குவதில்லையா, அது போல.

மீன்களுக்கு இடமாற்றம் உண்டு என்று நாங்கள் கேலி செய்வோம். சில மாதங்களுக்கு ஒரு முறை அக்கா கேனும் துணிவலையும் எடுத்துக்கொண்டு ஓடைக்கு ஏறுவாள். தொட்டியில் இருந்த பழைய மீன்களை அதே வேர்களுக்கடியில் விட்டுவிட்டுப் புது மீன்களைப் பிடித்து வருவாள். பழசு செத்த பிறகு மாற்றினால் போதும் என்றுதான் நிலையத்தின் விதி. அக்கா கேட்கமாட்டாள்.

"டியூட்டி முடிஞ்சா வீட்டுக்குப் போக வேண்டாமா? உங்களை நிலையத்துலயே வெச்சுப் புதைச்சா ஒத்துக்குவீங்களா மாப்பிள்ளை?" என்பாள்.

மீன் மேல் இவ்வளவு பாசம் என்றால் மீனே சாப்பிடமாட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். வறுத்த மீன் என்றால் முள்ளைக்கூட மிச்சம் வைக்கமாட்டாள். கேட்டால், "அது வேற டிபார்ட்மென்ட்" என்பாள்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அக்காவுக்குக் கல்யாண வயது. என் மனைவி அப்போதுதான் ஸ்கூல் பையைத் தூக்க ஆரம்பித்திருந்தாள். கூட்டிப் பெருக்குகிற வேலைக்கு நிலையத்தில் சேர்ந்த அக்கா, நாற்காலியில் அசையாமல் உட்கார வேறு யாருக்கும் பொறுமை இல்லாததால் தொட்டிக்கு வந்து சேர்ந்தாள். வரன்கள் வந்தன. தங்கச்சி படிப்பு முடியட்டும் என்றாள். படிப்பு முடிந்தது. அவள் கல்யாணம் முடியட்டும் என்றாள். அதுவும் முடிந்தபோது வரன்கள் வருவது நின்றுவிட்டது. "எனக்கென்ன குறை? காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் என்னையே பார்த்துக்கிட்டிருக்க இத்தனை பேர் இருக்காங்க" என்று தொட்டியைக் காட்டுவாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். எனக்குத்தான் சிரிப்பு வராது.

தங்கையைப் பாப்பா என்றுதான் இன்றைக்கும் கூப்பிடுகிறாள். அந்தப் பாப்பாவுக்கு வயிற்றில் பிள்ளை தங்கவில்லை. இரண்டு முறை கலைந்தது. இரண்டாவது முறை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு என் மனைவி பல நாள் யாரோடும் பேசவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அக்காதான் ஊட்டினாள், குளிப்பாட்டினாள். மூன்றாவது முறை நாள் தள்ளிப் போனபோது வீட்டில் யாரும் சந்தோஷத்தை வெளியே காட்டவில்லை. எங்கே கண் பட்டுவிடுமோ என்று பயம். "இது தங்கணும் மாப்பிள்ளை. இதுவும் போச்சுன்னா அவ எழுந்திரிக்க மாட்டா" என்றாள் அக்கா. அன்றிலிருந்து எங்கள் மூன்று பேருக்கும் அந்த வயிற்றைத் தவிர வேறு நினைப்பு இல்லை.

அந்த மாதம்தான் மீன் மாற்றப் போனோம். கேனைத் தூக்க நானும் கூடப் போனேன்.

ஓடைக்குப் போகிற பாதையில் புதிதாகத் தகரக் கொட்டகை ஒன்று முளைத்திருந்தது. முலாம் பூசுகிற பட்டறை. குழாய், கைப்பிடி, பூட்டு இதற்கெல்லாம் பளபளப்பு ஏற்றுகிற வேலை. பின்பக்கம் மரங்களை வெட்டி வழி செய்திருந்தார்கள். ஒரு பிளாஸ்டிக் குழாய் புதருக்குள் இறங்கி எங்கேயோ மறைந்தது.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு ஓடைக்குள் இறங்கினாள். நின்றாள். எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. சொல்லப்போனால் ஓடை முன்னைவிட அழகாக இருந்தது. டீ நிறம் போய்த் தண்ணீர் கண்ணாடியாக ஓடியது. அடியில் ஒவ்வொரு கூழாங்கல்லும் கழுவி வைத்தது போலத் தெரிந்தது.

"என்ன சுத்தம் பாருங்க" என்றேன்.

அக்கா ஒரு கல்லை எடுத்துப் புரட்டினாள். இன்னொன்றைப் புரட்டினாள். பாசி இல்லை. கல்லுக்கடியில் ஒட்டியிருக்கும் புழு பூச்சி எதுவும் இல்லை. வேர்களுக்கு நடுவே கையை விட்டுத் துழாவினாள். நார்கள் கையோடு பிய்ந்து வந்தன. மேலே ஒரு குருவிகூடக் கத்தவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. வளைவு வளைவாக மேலே போய்ப் பார்த்தோம். பட்டறைக்கு மேலே ஓடை வெறும் ஈரக்கசிவு, மீன் நிற்க இடமில்லை. ஒரு தீக்குச்சிகூட இல்லை.

கேனில் கொண்டுபோயிருந்த மீன்களை அக்கா விடவில்லை. மூடியை இறுக்கி மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள்.  நிலையத்துக்கு வந்து அவற்றைத் திரும்பத் தொட்டியில் விட்டபோதுதான் வாயைத் திறந்தாள்.

"இவ்வளவுதான் மாப்பிள்ளை. உலகத்துலயே இனி இவ்வளவுதான்."

நிலையத்துப் பொறுப்பாளரிடம் போய்ச் சொன்னோம். எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பதால் அவருக்குப் பார்க்கலாம் சார் என்று பெயர். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்பார்களே, அந்த ரகம். பட்டறைக்காரனைக் கூப்பிட்டு விசாரித்தார். அவன், தானே பிடித்துத் தானே பரிசோதித்த தண்ணீரின் அறிக்கையைக் கொண்டுவந்து நீட்டினான். வேலிக்கு ஓணான் சாட்சி. பார்க்கலாம் சார் அதை வாங்கி மேஜை மேல் வைத்து, அதன் மேல் டீ டம்ளரை வைத்தார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு முற்பகலில் மணி அடித்தது. நான் கையோடு பம்பை நிறுத்திவிட்டு மேலே ஓடினேன். தொட்டியில் நாலைந்து மீன்கள் அணைந்து மூலையில் நின்றன. இரண்டு மல்லாந்துவிட்டன. மற்றவை பரவாயில்லை. பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அதற்குள் கழிவு ஆற்றோடு போய்விட்டதோ என்னவோ, தண்ணீரில் குறையில்லை என்று முடிவு வந்தது. முடிவு வரும்வரை ஊருக்குத் தண்ணீர் இல்லை. ஜனங்கள் காலிக் குடங்களோடு நிலையத்து வாசலில் வந்து நின்று எங்கள் ஏழு தலைமுறையையும் கழுவி ஊற்றினார்கள். மேலிடத்திலிருந்து பார்க்கலாம் சாரிடம் விளக்கம் கேட்க ஆள் வந்தார்.

மறுநாள் அவர் இரண்டு காரியம் செய்தார். ஒன்று, பம்ப் சுவிட்ச் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். காலையில் அவர் திறந்தால் நான் ஓட்ட வேண்டும். இடையில் நிறுத்த அவர் வர வேண்டும். இரண்டாவது அக்காவுக்கு.

"ஒண்ணு ரெண்டு வெளுத்துச்சுன்னு மணியைத் தொடக் கூடாதும்மா. மீனுக்குக்கூடத் தலைவலி வரும். மொத்தத் தொட்டியும் வெளுக்கட்டும். நான் என் கண்ணால பார்க்கணும். அப்புறம் நிறுத்தலாம்."

"மொத்தமும் வெளுத்தா அப்புறம் மீனே இருக்காது சார். ஓடையிலயும் இல்ல."

"பார்க்கலாம்."

அதற்குப் பிறகு நடந்ததுதான் அதிசயம். மணி அடிக்கவே இல்லை. தொட்டி மீன்கள் அப்படி ஒரு நிறத்துக்கு வந்தன. தலைச் சிவப்பைப் பார்த்தால் தொட்டால் சுட்டுவிடும் போல இருந்தது. ஆண் மீன்கள் முறைத்துக்கொண்டு நின்றன. அக்கா தேங்காய் நாரைப் பிரித்துத் தொங்கவிட்டிருந்தாள். அதில் முட்டைகூட வைத்தன. கண் இமை மயிர் அளவுக்குக் குஞ்சுகள் ஓடின. வந்து போகிற அதிகாரிகளையெல்லாம் பார்க்கலாம் சார் மேல் அறைக்குக் கூட்டிவந்து காட்டினார். "எங்க தண்ணிக்கு இதைவிட சர்டிஃபிகேட் வேணுமா?" என்று பெருமை பேசினார். ஊரும் அடங்கியது. மீன் நன்றாக இருக்கிறது என்றால் தண்ணீர் நன்றாக இருக்கிறது, வேறென்ன?

ஆனால் சில விஷயங்கள் எனக்குப் பிடிக்கவில்லை. வடிகட்டும் தொட்டிகளின் ஓரத்தில் சாயங்காலமானால் தவளைகள் காதைக் கிழிக்கும். அவை மெல்லக் குறைந்து, ஒரு நாள் சத்தமே இல்லாமல் போயின. வாட்ச்மேன் பூந்தொட்டிகளில் இலைகள் ஓரத்திலிருந்து கருகிக்கொண்டு வந்தன. உரம் அதிகமாகிவிட்டது என்று அவன் உரக்கடைக்காரனைத் திட்டினான். பம்பைத் துடைக்க நனைத்த துணி காய்ந்தால் லேசாகப் பச்சை பூத்தது. அக்காவிடம் சொன்னேன். அவள் தொட்டியையே பார்த்துக்கொண்டு, "மீன் நல்லாத்தானே இருக்கு" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் என் மனைவிக்கு மாதம் ஏறிக்கொண்டிருந்தது. இந்த முறை தங்கிவிடும் என்று டாக்டர் சொன்னார். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். குடித்தாள். ஒரு நாள் பம்ப் ஓடிக்கொண்டிருக்க, நாங்கள் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பக் கிளம்பிக்கொண்டிருந்தபோது டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"என்னங்க, தண்ணி ஏன் இப்படி இருக்கு? சாவியை வாயில போட்ட மாதிரி."

"மாசமா இருக்கறவ நாக்கு. சர்க்கரைகூடக் கசக்கும்" என்று நான் சிரித்தேன்.

"இன்னிக்கு மட்டும் இல்ல. பத்துப் பதினஞ்சு நாளா. டீயாவே குடிக்கிற உங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. கேலி பண்ணுவீங்கன்னுதான் சொல்லல."

அக்கா வந்து அந்த டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தாள். அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை நான் பார்த்தேன். அடுத்த நிமிடம் குடம், பாத்திரம், கெட்டில் என்று வீட்டில் இருந்த தண்ணீர் அத்தனையும் தரையில் கவிழ்த்தாள். "குழாயைத் தொடாத பாப்பா. தொடாத. கடையில வாங்கிக் குடி" என்று கத்திக்கொண்டே செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கினாள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடி அவளை ஏற்றிக்கொண்டேன். வழியில்தான் சொன்னாள்.

தொட்டிக்குப் போகிற குழாயின் நடுவே, பரண் மேல், ஒரு பானை வைத்திருக்கிறாளாம். பானைக்குள் கரி, மணல், உடைத்த கிளிஞ்சல். ஆற்றுத் தண்ணீர் அதில் இறங்கி, வடிந்து, சுத்தமாகித்தான் மீனுக்குப் போகிறது. பூட்டுப் போட்ட மறுநாளே வைத்துவிட்டாள்.

"ரெண்டு செத்துப் போச்சே, மிச்சமாவது இருக்கட்டும்னு வெச்சேன். பெரிசா கெட்டா கரியைத் தாண்டியும் தெரியும்னு நினைச்சேன் மாப்பிள்ளை."

எனக்கு வந்த கோபத்துக்கு சைக்கிளை அப்படியே சாக்கடையில் விட்டிருப்பேன். "காவலுக்கு வெச்ச நாயைக் கம்பளி போத்தித் தூங்க வெச்சிட்டீங்களே! ஊரு குடிக்கிறது ஒரு தண்ணி, மீன் குடிக்கிறது ஒரு தண்ணியா? உங்க தங்கச்சி வயித்துல இருக்கறதை நினைச்சீங்களா?" என்று நடுரோட்டில் கத்தினேன்.  "மிதிங்க மாப்பிள்ளை, சீக்கிரம் மிதிங்க" என்றாள் பின்னாலிருந்து.

நேராகப் பார்க்கலாம் சாரிடம் போனாள். மறைக்கவில்லை, மழுப்பவில்லை. தண்ணீர் கெட்டுவிட்டது, பம்பை நிறுத்துங்கள், தொட்டியில் கரி வைத்திருக்கிறேன், என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்று ஒரே மூச்சில் சொன்னாள். அவர் பேனாவை உருட்டினார்.

"கர்ப்பிணிப் பொண்ணு நாக்கை நம்பி ஊருக்குத் தண்ணியை நிறுத்தச் சொல்றீங்க. போன தடவை நிறுத்தி நான் பட்டது போதாதா?" என்றார். பிறகு, "கரியை எடுத்துடுங்க. மீன் சொல்லட்டும்" என்றார்.

மூவரும் மேலே ஏறினோம். தொட்டியில் தீக்குச்சிகள் பளபளத்துக்கொண்டு திரிந்தன. அக்காவைக் கண்டதும் எல்லாம் தீனிக்காக முன்பக்கக் கண்ணாடிக்கு ஓடி வந்தன. நான் ஓரத்தில் கிடந்த வாளியை எடுத்தேன்.

"ஒரு ஜோடியையாவது எடுத்து வைக்கிறேன்க்கா" என்றேன் காதோரமாக.

"வேண்டாம். குறைஞ்சா இவர் நம்பமாட்டார். எல்லாம் இருக்கட்டும். இந்நேரம் ஊருல எத்தனை வீட்டுல குடத்தை வெச்சுப் பிடிக்கிறாங்களோ."

ஏணியில் ஏறினாள். பானையை விலக்கிக் குழாயை நேராக மாட்டினாள். தண்ணீர் முன்பைவிட வேகமாகத் தொட்டியில் விழுந்தது. பார்க்க அந்த ஓடைத் தண்ணீர் போலவே தெளிவாக இருந்தது.

குஞ்சுகள்தான் முதலில். இருந்தன, பிறகு காணோம். அப்புறம் ஒரு பெரிய ஆண் மீன் குழாய்க்கடியிலிருந்து விலகி மூலைக்குப் போனது. அதன் தலைச் சிவப்பு யாரோ நனைத்த விரலால் துடைப்பது போலப் போயிற்று. "ஒண்ணுதான்" என்றார் பார்க்கலாம் சார். இன்னொன்று. அப்புறம் நாலைந்து. எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அக்கா கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். கண்ணைத் துடைக்கவில்லை, திரும்பவும் இல்லை. நான் சாரின் இடுப்பில் தொங்கிய சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டியில் ஒரே ஒரு மீன் மட்டும் சிவப்பாக நடுவில் நின்றது. அதுவும் அணைந்தது.

"மணி அடிங்க" என்றார் பார்க்கலாம் சார். அவர் முகமும் வெளுத்திருந்தது.

பம்ப் நின்றது. இந்த முறை பிடித்த பாட்டில் பொய் சொல்லவில்லை. மேலிடத்து ஆட்கள் வந்தார்கள். லாரியில் தண்ணீர் கொடுத்தார்கள். பட்டறைக்குச் சீல் வைத்தார்கள். ஊரில் யாருக்கு என்ன ஆயிற்று என்று யாரும் சரியாகச் சொல்லவில்லை. சிலருக்கு வயிற்றுவலி, சிலருக்குத் தோலில் தடிப்பு. அக்காவுக்கு மெமோ கொடுத்துச் சம்பளத்தில் பிடித்தார்கள். வேலையை விட்டு எடுக்கவில்லை. அந்த நாற்காலிக்கு வேறு ஆள் இல்லை.

பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் அழுதது. நாங்களும் அழுதோம். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அக்கா டாக்டரைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். "இப்போதைக்கு ஒண்ணும் தெரியல. வளர வளரத்தான் சொல்ல முடியும்" என்றார் அவர். அன்றிலிருந்து குழந்தை தும்மினால்கூட அக்கா எழுந்து உட்காருவாள். குழந்தை கொஞ்சம் தாமதமாகத்தான் நடந்தது. எல்லாப் பிள்ளையும் ஒரே நாளிலா நடக்கிறது என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

பட்டறை வேறொருவர் பெயரில் திறந்துவிட்டது. பின்பக்கக் குழாய் இப்போது கண்ணில் படுவதில்லை. ஓடைக்கு நானும் அக்காவும் இன்னொரு முறை போனோம். கற்கள் அப்படியே கழுவி வைத்தது போல இருந்தன.

தொட்டியைக் காலியாக வைக்கக் கூடாதென்று பார்க்கலாம் சார் கடையிலிருந்து வண்ண மீன்கள் வாங்கிவந்து விட்டார். ஆரஞ்சு, மஞ்சள், புள்ளி போட்டது என்று பார்க்கக் கல்யாண வீடு போலத்தான் இருக்கிறது. சிமென்ட் தொட்டியில் பிறந்து, பிளாஸ்டிக் பையில் ஊர் சுற்றி வந்தவை. சாக்கடையில் விட்டாலும் வாலை ஆட்டிக்கொண்டு தீனி கேட்கும். அவற்றை நம்பி ஊர் தண்ணீர் குடிக்கிறது.

அந்த மீன்கள் வந்து சில நாள் கழித்து, ஒரு காலை பம்ப் ஓட்டும் முன்னால் ஏதோ கேட்க மேலே போனேன். அக்கா தொட்டிக் குழாயில் டம்ளரைப் பிடித்து, நேராக ஆற்றிலிருந்து வந்த அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். பாய்ந்து டம்ளரைப் பிடுங்கினேன்.

"பைத்தியமா உங்களுக்கு?"

"கத்தாதீங்க மாப்பிள்ளை. அன்னிக்கு இந்த ஊருல தண்ணி கெட்டதைச் சொன்னது எது? பாப்பா நாக்கு. வயித்துல பிள்ளையை வெச்சுக்கிட்டு அவ நாக்கு சொல்லணுமா? என் நாக்கு சொன்னா ஆகாதா?"

"ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆனாத்தான் மணி அடிப்பேன்ல."

கெஞ்சினேன், திட்டினேன். தங்கச்சியிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினேன். "சொல்லுங்க. பயந்து அவளும் குழந்தையும் இந்த ஊரை விட்டுப் போவாங்க. மத்த வீட்டுக் குழந்தைங்க எங்க போகும்?" என்றாள். பார்க்கலாம் சாரிடம் சொன்னேன். அவர் என்ன சொன்னார் என்று உங்களுக்கே தெரியும். அக்கா ஒன்று பிடித்தால் பிடித்ததுதான். அப்படியே எங்களுக்கு அதுவே வழக்கமாகிவிட்டது. காலையில் சார் பெட்டியைத் திறப்பார். நான் படியேறிப் போய் அக்காவைப் பார்ப்பேன். குடித்து, வாயில் கொஞ்ச நேரம் வைத்து விழுங்கி, "நல்லாத்தான் இருக்கு, போடுங்க" என்பாள். நான் இறங்கி வந்து பம்பைப் போடுவேன்.

இரண்டு முறை அவள் தலையை ஆட்டி மறுத்தாள். இரண்டு முறையும் ஃபியூஸ் போய்விட்டது என்று பொய் சொல்லி, கழிவு ஆற்றோடு போகட்டும் என்று மதியம் வரை இழுத்தேன். அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து நானே ரகசியமாக ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரியாக இருந்தது. எனக்கும் மெல்ல நம்பிக்கை வந்துவிட்டது. மீனைவிட நல்ல காவல் என்று நினைத்தேன்.

நேற்றுச் சாப்பிடும்போது என் மனைவி தட்டைத் தள்ளி வைத்தாள். "என்னக்கா, உப்பு மூட்டையையே கொட்டிட்டியா? ஒரு வாரமா இப்படித்தான் இருக்கு" என்று சிரித்தாள். குழந்தை நாக்கை நீட்டிக் காட்டியது. "அப்படியா? எனக்குச் சரியாத்தான் இருக்கு" என்றாள் அக்கா. அவள் தட்டில் எல்லாவற்றையும் வழித்துச் சாப்பிட்டிருந்தாள்.

இரவெல்லாம் எனக்குத் தூக்கமில்லை. காலையில் படியேறினேன். அக்கா வழக்கம்போலக் குடித்தாள். வாயில் வைத்திருந்தாள். விழுங்கினாள்.

"நல்லாத்தான் இருக்கு. போடுங்க."

டம்ளரில் மிச்சம் கொஞ்சம் இருந்தது. வாங்கி நான் வாயில் ஊற்றினேன். நாக்கு சுருண்டது. சாவியை வாயில் போட்டது போல இருந்தது.

டம்ளரோடு கீழே இறங்கினேன். திறந்திருந்த பெட்டியிலிருந்து ஃபியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஜன்னல் வழியாக ஆற்றில் எறிந்தேன். பார்க்கலாம் சார் அலறிக்கொண்டு மேலே ஓடித் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தார்.

"மீன் நல்லாத்தானேய்யா இருக்கு! உனக்கென்ன கேடு?"

அவருக்குப் பின்னால் அக்கா படியில் நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், பெட்டி மேல் நான் வைத்திருந்த டம்ளரைப் பார்த்தாள். உதட்டை நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அப்படியே படியில் உட்கார்ந்தாள்.

"எத்தனை நாளா மாப்பிள்ளை?" என்று கேட்டாள். "எத்தனை நாளா நான் போடச் சொல்லிக்கிட்டிருக்கேன்?"

 வீட்டில் அந்த நேரம் குழந்தை எழுந்து, தன் சின்ன டம்ளரை நீட்டித் தண்ணீர் கேட்கும். நான் சைக்கிளை நோக்கி ஓடினேன்.